கூலியும் கூலியாளும்: ஒரு சொல்லின் வரலாறு

தமிழில் 'கூலி' என்பதன் மூலப்பொருள் உழைப்பிற்குப் பெறும் ஊதியமாகும். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) இச்சொல் இப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. ஊதியம் பெறுபவரைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரர் என்னும் தனிச்சொற்கள் உள்ளன. ஆங்கிலத்திலோ 'கூலி' என்பதே உழைப்பவரின் பெயராயிற்று.

இதன் பிறப்புக் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, மேற்கிந்தியாவின் 'கோலி' என்னும் இனப்பெயரை மூலமாகக் கருதுகிறது. தமிழ்ச் சொல்லையும் உடன் சுட்டுகிறது. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் வணிகர் வழக்கில் கலந்தன எனக் கொள்வது பொருத்தமாகும்.

எழுத்தமைப்பும் நிலையாக இருந்ததில்லை. ஆங்கிலத்தில் இதன் ஈறு 'ஒய்' எழுத்தாலும் 'ஐ, இ' எழுத்துகளாலும் எழுதப்பட்டது, பின்னதே நிலைத்தது. மலாயில் அது 'குலி' ஆயிற்று. சீனர் அதனைக் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரு எழுத்துகளால் எழுதினர். ஒலிபெயர்ப்பே பொருள் விளக்கமாகவும் அமைந்தது.

1880-இல் டச்சு ஆட்சியினர் கிழக்குச் சுமத்திராவின் டெலிப் பகுதிக்கெனக் கூலிச் சட்டம் இயற்றினர். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி அதன்வழித் தண்டனைக்கு உள்ளானார். பேச்சு வழக்கிலிருந்த சொல் இவ்வாறு சட்டத்தின் சொல்லாயிற்று. மலாயாவிற்கான இந்திய ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்ற பின்னரும் அச்சொல்லின் இழிவு நீங்கவில்லை.

ஆகவே, வகுப்பறையில் இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் இருபொருளையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். ஆளைக் குறிக்கும்போது அது இழிசொல். ஊதியத்தைக் குறிக்கும்போது உழைப்பவரின் உரிமை.