குரங்குகளின் மெல்லும் தசைத் தமனிகள்

குரங்குகளின் தாடையை இயக்கும் நான்கு இணைத் தசைகளுக்கு இரத்தம் வழங்கும் நாளங்கள். சிலிம் ரிவர் உள்ளிட்ட பேராக் தோட்டப்புறங்களில் கெரா, பெரோக் என்ற மலாய்ப் பெயர்களால் அறியப்படும் மக்காக் குரங்குகளை முன்வைத்து இங்கு விளக்கப்படுகிறது.

வகைப்பாடும் வரலாறும்: பன்றிவால் குரங்கான பெரோக்கிற்கு 1766இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். நீளவால் கெராவையும் இலையுண்ணும் லோத்தோங் வகையொன்றையும் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் 1821இல் சுமத்திரா மாதிரிகளைக் கொண்டு விவரித்தார். உடற்கூற்றாய்வோ இதைவிட மிகப் பழமையானது. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், வட ஆப்பிரிக்க மக்காக்கை அறுத்துப் பார்த்தே மனிதத் தசைகளை எழுதினார். 1543இல் வெசாலியஸ் இதை அம்பலப்படுத்தியபின் கேலனைக் குறைகூறுவது வழக்கமாயிற்று. மூளையடியில் அவர் கண்ட தமனி வலைப்பின்னல் மனிதருக்கு மட்டுமன்றிக் குரங்குக்கும் இல்லை. அது ஆடுமாடுகளுக்கு உரியது. ஆயினும் மெல்லும் தசைகளைப் பொறுத்தவரை அவர் தேர்ந்த விலங்கு தகுந்ததே. ஹார்ட்மன், ஸ்ட்ராஸ் இருவரும் பதிப்பித்த ரீசஸ் குரங்கின் உடற்கூற்று நூல் 1933இல் வெளிவந்தது.

அமைப்பு: புறக் கழுத்துத் தமனி தாடைக் கழுத்தின் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் மேல்தாடைத் தமனியே தலையாயது. பழைய நூல்களின் 'உள் மேல்தாடைத் தமனி'யும் இதுவே. இதன் ஆழ்பொட்டுக் கிளைகள் எலும்புக்கும் பொட்டுத் தசைக்கும் இடையே ஏறி, தசையின் உட்புறம் வழியே நுழைகின்றன. சிறுகிளைகள் உள், வெளிச் சிறகுத் தசைகளுக்குச் செல்கின்றன. மற்றொரு கிளை தாடை எலும்பின் மேல்விளிம்புப் பள்ளத்தைத் தாண்டிக் கன்னத்தசையை அடைகிறது. கன்னத்தசைக்கு முகத் தமனியும் குறுக்கு முகத் தமனியும் துணை நிற்பதால், ஒரு வழி அடைபட்டாலும் அதற்கு இரத்தம் கிடைக்க வழியுண்டு. பொட்டுத் தசைக்கும் மேலோட்டப் பொட்டுத் தமனியிலிருந்து ஒரு கிளை உண்டு. மக்காக்குகளில் நாக்குத் தமனியும் முகத் தமனியும் பெரும்பாலும் ஒரே அடித்தண்டிலிருந்து கிளைக்கின்றன. மனிதரில் இது சிறுபான்மை.

இன்றைய நிலை: பேராக்கின் செகாரி பகுதிச் செம்பனைத் தோட்டங்களில் பெரோக்குகள் எலி பிடித்துத் தின்பது 2019இல் வெளியான ஆய்வில் பதிவானது. 2022இல் இரு மக்காக்குகளும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அருகிவரும் இனங்களாகச் சேர்க்கப்பட்டன.