காவலும் துப்பாக்கியும்: திருவிதாங்கூர் மலைகளில் வேட்டைவழிப் பாதுகாப்பு

1930-இல் பாரிசில் அமைப்பாகி, இன்று அங்கேரியிலிருந்து இயங்கும் சி.ஐ.சி. என்னும் பன்னாட்டு வேட்டை, காட்டுயிர்ப் பாதுகாப்பு மன்றத்தின் வாதம் எளியது. அளவோடு வேட்டையாட விட்டால், அதில் வரும் பணமும் அக்கறையும் அந்த விலங்கையும் அதன் காட்டையும் காக்கும் என்பார்கள். இக்கருத்துடையோர் காட்டும் முதன்மைச் சான்று பலுசிஸ்தானின் தோர்கர் மலை. 1980களின் நடுவில் அங்கே பழங்குடியினர் தங்கள் வேட்டையை நிறுத்தினார்கள். மார்க்கோர் ஆட்டின் முதிர்ந்த கிடாய்கள் சிலவற்றை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு விட்டு, அந்தக் கட்டணத்தில் உள்ளூர்க் காவலரை அமர்த்தினார்கள். மார்க்கோர் பெருகியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிம வேட்டைக்கு எஞ்சியிருந்த வழியை அடைத்த 1991 திருத்தமும் இந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆயினும் அதைச் சோதித்துப் பார்க்கப் பலுசிஸ்தானுக்குப் போக வேண்டியதில்லை. நாஞ்சில்நாடு இருந்த அதே திருவிதாங்கூர் அரசுக்குள், வரையாட்டை வைத்து அந்தச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது.

மூணாற்றின் தேயிலைத் தோட்டத் துரைமார் 1928-இல் உயர்மலை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். 1877-இல் உதகையில் தோன்றிய நீலகிரிச் சங்கம் இதற்கு முன்னோடி. இரவிகுளம் மேட்டுப் புல்வெளியைத் தோட்டக் கம்பெனி தேயிலைக்குத் திருத்தாமல் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்தது. அம்மலைப் பழங்குடியினரான முதுவர்கள் காவலர்களானார்கள். முதுகில் வெள்ளி படர்ந்த முதிய கிடாய்தான் துரைமார் தேடிய பரிசு. கண்ணன் தேவன் மலைநிலங்களை அரசு மீட்பதற்கான 1971 சட்டத்துக்குப் பின் நிலம் கைமாறியது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. உலகில் வரையாடு மிகுதியாக வாழும் இடம் இன்றும் அதுவே.

வேட்டையே காத்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். துப்பாக்கி ஓய்ந்து அரை நூற்றாண்டு கடந்தும் இரவிகுளத்தில் வரையாடு குறைந்து போகவில்லை. நிலம் துண்டாகாமல் இருந்ததும், அந்த மலையை அறிந்தவர்கள் காவலில் இருந்ததும் தொடர்ந்தன. நின்றது சுடுவது மட்டுமே. என் மதிப்பீட்டில் துரைமார் செய்த உண்மையான தொண்டு, தேயிலை விலை ஏறிய காலங்களிலும் அந்தப் புல்வெளியில் கொத்து விழாமல் பார்த்துக்கொண்டது. அந்த ஆசையை அடக்கி வைத்தது வேட்டை மோகம்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரே உடைமையாளர் கையில் முழு மலையும், அந்நியரை உள்ளே விடாத அதிகாரமும் வேண்டியிருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்து அசம்பு மலைகளில் அந்த நிலை ஒருநாளும் இல்லை. வரையாட்டின் வாழ்விடம் தெற்கே இம்மலைகள் வரை நீள்கிறது. ஆனால் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே காப்பித் தோட்டங்கள், பிறகு ரப்பர், அணைகள், இடையிடையே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி காட்டுயிர்ச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். சிறிய இம்மாவட்டத்தின் பரப்பில் கால்பங்குக்குச் சற்றே குறைவு. இதைச் சூழ்ந்து வாழையும் மரச்சீனியும் பயிராகின்றன. இம்மாவட்டத்தில் இன்று வேட்டை என்ற பேச்சு எழுவதே காட்டுப்பன்றியை முன்னிட்டுத்தான்.

களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே பன்றியைச் சுட அனுமதி தரலாம். சுட்டதைத் தின்னக்கூடாது, புதைக்க வேண்டும். தமிழ்நாடு 2025 தொடக்கத்தில் அறிவித்த முறையில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். பேச்சிப்பாறை, கடையல், தடிக்காரன்கோணம் பக்கத்து விவசாயி இந்த அளவுகோலைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியும். அவருடைய விளையும் காடும் ஒரே வரப்பில் முட்டி நிற்கின்றன. இரு மாநில ஏற்பாடுகளிலும் விலங்கால் ஊருக்கு வருமானம் இல்லை, ஆகவே அதைப் பேணும் அக்கறையும் பிறக்காது. இவை பயிர்காப்பு நடவடிக்கைகள். சி.ஐ.சி. சொல்லும் பொருளில் இவற்றை வேட்டைவழிப் பாதுகாப்பு என்று அழைப்பது பொருந்தாது.

அப்படியானால் கட்டண வேட்டையை இங்கே கொண்டுவரலாமா? நான் எதிர்க்கிறேன், உயிர்க்கொலை பற்றிய அறக்கேள்வியை ஒதுக்கிவிட்டே எதிர்க்கிறேன். கட்டணத்தை வாங்கும் ஊருக்குக் காட்டின் மேல் அதிகாரம் இருந்ததாலேயே தோர்கரில் அது நடந்தது. காணிக்காரர் நிலை வேறு. 1972 சட்டத்தின் 65-ஆம் பிரிவு நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை மட்டும் தொடாமல் விட்டது. 2006 வன உரிமைச் சட்டமோ, மரபுரிமைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டு, வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாக விலக்கியது. துரை சுட்டால் பாதுகாப்பு, காணி கண்ணி வைத்தால் திருட்டு என்றிருந்த பழைய பாகுபாடு, கட்டண வேட்டை வந்தால் டாலரில் திரும்பி வரும்.

இரவிகுளத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது முதுவர் காவல். அதற்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. அதே வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டுயிரையும் காட்டையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வன உரிமை பெற்றவர்களுக்கும் தருகிறது. வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிகக் கூலிக்கு நிற்கும் பழங்குடி இளைஞரை அந்தப் பிரிவின்படி தம் மலையின் பொறுப்பாளராக ஏற்று, ஊதியத்தையும் நிலைப்படுத்துவதற்கு வனத்துறைக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.