பருத்திப்பால் குடிச்சா ஆண்மை போயிடுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தக் கேள்வி புதுசில்ல. கரிசல்ல பருத்தி விளைஞ்ச பூமி. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தபிறகு பஞ்சும் நூலும் அந்த ஊரின் பிழைப்பாகவே ஆயிடுச்சு. பஞ்சு மில்லுக்கு, கொட்டை மாட்டுக்கு, அதில் ஒரு பங்கு கருப்பட்டி போட்ட பருத்திப்பாலுக்கு.

கேள்விக்குப் பதில் சொல்ல சீனா வரைக்கும் போகணும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

பருத்திக்கொட்டைக்குள் காசிபால் என்று ஒரு மஞ்சள் நிறப் பொருள் இருக்கு. பூச்சி அண்டாமலிருக்க செடியே தயாரித்துக்கொள்ளும் நஞ்சு. 1950களில் சீனாவின் சில கிராமங்களில் வருஷக்கணக்கில் குழந்தையே பிறக்கவில்லை. விசாரித்தால், சமையலுக்குக் கச்சா பருத்திக்கொட்டை எண்ணெய். முன்பு கொட்டையை வேகவைத்துப் பிழிந்தவர்கள், பிறகு பச்சையாகவே பிழிய ஆரம்பித்திருந்தார்கள். சூட்டில் அடங்கவேண்டிய காசிபால் அப்படியே எண்ணெயில் இறங்கிவிட்டது.

1970களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக சீனாவில் சோதித்தார்கள். 8,000க்கும் மேற்பட்ட ஆண்கள். விந்தணு எண்ணிக்கை அநேகமாக எல்லோருக்கும் விழுந்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கைகால் தளர்ந்தது. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவே இல்லை. 1998இல் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆய்வைக் கைவிடச் சொல்லிவிட்டது.

இந்தக் கதையில் என்னை உட்கார வைத்தது வேறொரு விஷயம். விந்தணு அற்றுப்போன அந்த ஆண்களில் சிலர் நாட்டம் குறைந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலானோரின் தாம்பத்தியம் வழக்கம்போலவே நடந்தது!

எப்படி? விதைக்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்குது. நுண்குழாய்களுக்குள் விந்தணு உற்பத்தி. குழாய்களுக்கு இடையில் உள்ள செல்களில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி. முதலாவது நின்றாலும் இரண்டாவது ஓடலாம். வெளிவரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு ரொம்பக் கொஞ்சம். அதனால் பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. (சிலருக்கு ஹார்மோனும் சேர்ந்து குறையும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிச்சிடலாம்.)

அப்போ நம்ம ஊர் ஆண் ஏன் ரிப்போர்ட் கையில் வந்த அன்றே உடைந்துபோகிறான்?

நேற்றுவரை நன்றாக இருந்தவன்தான். 'ஜீரோ' என்று படித்த ராத்திரியிலிருந்து விறைப்பு வரவில்லை என்கிறான். உடம்பில் எதுவும் மாறவில்லை. பயம் வந்தால் அட்ரினலின் ஏறும், அட்ரினலின் ஏறினால் விறைப்பு இறங்கும். அவ்வளவுதான். எண்ணிக்கை குறைவாக இருந்து சிகிச்சை எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: "இன்னைக்கு பதினாலாவது நாள்" என்று காலண்டர் பார்த்துப் படுக்கப் போவது. ஆசையில் நடப்பது டியூட்டியாகிவிடுகிறது. ஒருநாள் தவறினால் மறுநாள் அவனே ஒதுங்குகிறான். மனைவி தன்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைக்கிறாள்.

வளைகாப்பு வீட்டுக்குப் போகமாட்டான். "விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து ஊர்த் திருவிழாவுக்குக்கூட வரமாட்டான். மாசம் ஒருமுறை லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியரிடம் மட்டும் யாருக்கும் தெரியாமல் போவான். அங்கே இல்லாத ஆண்மைக்குறைவுக்கு லேகியம் கிடைக்கும்.

அவன் ரகசியத்தைக் காப்பாற்ற அவள் 'மலடி' பட்டத்தைச் சுமப்பாள். இதற்கும் நீண்ட சரித்திரம் உண்டு. லேவன்ஹூக் விந்தணுவை நுண்ணோக்கியில் பார்த்தது 1677இல். ஆனால் விந்துப் பரிசோதனைக்கு உலகம் முழுக்க ஒரே முறை சொல்லும் கையேட்டை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 1980இல்தான். அதுவரை எத்தனை வீடுகளில், சோதிக்கப்படாத ஒருவனுக்காக இரண்டாம் கல்யாணம் நடந்திருக்கும்!

எப்போதாவது குடிக்கும் பருத்திப்பாலும், வருஷக்கணக்கில் தினமும் கச்சா எண்ணெயில் சமைப்பதும் ஒன்றல்ல. கொதிக்கவைத்த பாலில் காசிபாலின் வீரியமும் குறையும். கடைப் பருத்திப்பாலைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

குழந்தை தள்ளிப்போனால் முதல் நாளே இருவரும் சேர்ந்து வாங்க. ஆணுக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை. குறைவாக வந்தால் இன்னொரு தடவை பார்க்கணும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாசம் ஆகும்; போன மாசம் அடித்த காய்ச்சல்கூட ரிப்போர்ட்டைக் கெடுக்கும். ஜீரோ என்றாலும் அது உற்பத்தியே இல்லாததா, வரும் வழியில் அடைப்பா என்று பார்க்கணும். 1992இல் இக்சி முறை வந்தபிறகு, விதையிலிருந்து எடுக்கும் சில விந்தணுக்களே பலருக்குப் போதுமானதா இருக்கு.

அதுவும் அமையாவிட்டால் தத்து. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு நான் சொல்லவா வேணும்? பெரியாழ்வாருக்கு ஆண்டாள் துளசிச் செடியடியில் கிடைத்த பிள்ளைதானே.