ஒரே லேத்தில் நிறுத்திப் பார்த்தால்

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் உலகத்துல பெரிய டிரைவர்கள்ல ஒருத்தரா?" சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஊர்ப் பாசம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்.

2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன். அந்த ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காவது இடம், 5 புள்ளிகள். டயர் கோளாறால் 14 கார்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியவை 6 கார்கள்தான். "ஆறு பேர்ல நாலாவது வர்றது ஒரு பெருமையாங்க?" என்று டீக்கடையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

2011-ல் நொய்டா பக்கம் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் வென்றது 24 வயது செபாஸ்டியன் வெட்டல். நரேன் 17-வது. வெட்டல் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள் எடுத்தார். எல்லாக் காலத்துக்கும் பெரியவர் இவர்தானா என்று அப்போதே வாக்குவாதம் கிளம்பியது.

நான் முப்பது வருஷம் பட்டறையில் டர்னராக இருந்தவன். ஒருவருக்குப் புது லேத்தும் இன்னொருவருக்கு ஆட்டம் கண்ட லேத்தும் கொடுத்துவிட்டு, யார் வேலை சுத்தம் என்று நாங்கள் கேட்பதில்லை. ஒரே லேத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

அப்படிப் பார்த்தால், 2014-ல் வெட்டலுக்கு அதே அணியில் ஜோடியாக வந்தவர் ரிக்கியார்டோ. 2011 நடுவில் நரேனின் இருக்கையில் உட்காரவைக்கப்பட்ட அதே பையன்தான். அந்த வருஷம் ரிக்கியார்டோ 3 பந்தயம் வென்றார், வெட்டலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 2008-ல், 21 வயதில், டோரோ ரோஸோ என்ற சின்ன அணியின் காரில் இத்தாலியில் மழையில் ஜெயித்தவரும் வெட்டல்தான். ஆகவே பெரியவர்தான். ஆனாலும் நான்கு வெவ்வேறு கம்பெனிக் கார்களில் ஐந்து பட்டம் வாங்கிய ஃபாஞ்சியோவுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன்.

நரேனுக்கும் அதே அளவுகோல்தான். இண்டியானாபொலிஸில் அதே ஜோர்டான் காரில் மூன்றாவதாக வந்தவர் அவருடைய ஜோடி மான்டெய்ரோ. ஆகவே உலகப் பெரியவர்கள் வரிசையில் நரேன் இல்லை. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் நியாயம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. லட்சுமி மில் குடும்பத்துக் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்களைச் செய்து, இளைஞர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி வண்டியில் உட்காரவைத்தார். நம் ஆட்களுக்கு அவர் போட்டுக் கொடுத்த லேத் அது. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன், 1996-ல் ஃபார்முலா ஏஷியா பட்டம் வாங்கி, கடைசியில் அப்போது உலகத்தில் இருபது பேருக்கே கிடைத்த இருக்கைவரை போனார். ஆறு பேரில் ஒருவராக அன்று நிற்பதற்கே அவ்வளவு தூரம் ஏற வேண்டியிருந்தது. டீக்கடையில் சிரித்தபோது அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"அந்த வரிசையில இல்ல கண்ணு. ஆனா அவரு ஏறின ஏணி நம்ம ஊர்ல செஞ்சது," என்று பேரனிடம் சொன்னேன்.