வுப்பர் பள்ளத்தாக்கின் சிறு சபைகள்

ஜெர்மனியின் மேற்கே, வுப்பர் ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் வுப்பர்டால் ஒரு நகரமாக உருவானது 1929இல்தான். அதுவரை எல்பர்ஃபெல்டும் பார்மெனும் தனித்தனி நகரங்கள். ரோன்ஸ்டோர்ஃப், ஃபோவிங்கல் போன்றவை தனி ஊர்கள். இந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் 1847க்கும் 1854க்கும் இடைப்பட்ட ஏழே ஆண்டுகளில், அரசின் ஆதரவு பெற்ற பெரிய திருச்சபையை விட்டு விலகிய நான்கு சிறு சபைகள் பிறந்தன. முதலாவது சபை அரசு புகுத்திய வழிபாட்டு ஒழுங்கை மறுத்து எழுந்தது. மற்ற மூன்றுக்கும் அடியில் கிடந்தது ஒரே கேள்வி: கர்த்தருடைய பந்தியில் யார் யார் அமரலாம்? அப்பத்தையும் கிண்ணத்தையும் யாரோடு பகிர்ந்துகொள்வது? இறையியலாளர்களின் புத்தகங்களில் மட்டும் கிடந்த கேள்வியாக இருந்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்காது. நூல் வணிகரும் நெசவாளரும் பள்ளி ஆசிரியரும் அதைத் தங்கள் மனச்சாட்சியின் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளத்தாக்கின் பிழைப்பு நூலை நம்பியிருந்தது. நூலை வெளுக்கும் தனியுரிமையை 1527இல் எல்பர்ஃபெல்டும் பார்மெனும் தங்கள் கோமகனிடமிருந்து பெற்றன. ஆற்றோரப் புல்வெளிகளில் நூலை விரித்து, வுப்பரின் சுண்ணாம்பற்ற நீரைத் தெளித்து, வெயிலில் வெளுப்பார்கள். பின்னர் நாடா நெசவும் சாயத் தொழிலும் வந்தன. தறி வீட்டுக்குள்ளேயே இருந்த காலத்தில் மாலை நேரத்தில் அதே வீட்டில் வேதவாசிப்பும் ஜெபக்கூட்டமும் நடப்பது இயல்பாக இருந்தது. மூல்ஹைமில் வாழ்ந்த கெர்ஹார்ட் டெர்ஸ்டேகன் (1697–1769) நாடா நெய்து பிழைத்தவர், எந்தத் திருச்சபைப் பதவியும் இல்லாதவர். ஆனாலும் அவருடைய கடிதங்களும் கூட்டங்களும் இந்த வட்டாரத்து வீடுகளில் ஆழமாக வேரூன்றின. மூல்ஹைமுக்கும் எல்பர்ஃபெல்டுக்கும் இடையே ஓட்டர்பெக் என்னும் இடத்தில் ஒரு சிறு சகோதரக் குழு அவருடைய வழிநடத்துதலில் கைத்தொழிலும் ஜெபமுமாகக் கூடி வாழ்ந்தது.

வீட்டுக் கூட்டம் எப்போதும் நல்ல திசையில்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எலியாஸ் எல்லர் என்ற நாடாத் தொழிலதிபர் 1737இல் தம்மைப் பின்பற்றியவர்களோடு எல்பர்ஃபெல்டிலிருந்து வெளியேறி ரோன்ஸ்டோர்ஃபில் குடியேறினார். அது புதிய சீயோன் என்று அந்தக் கூட்டம் நம்பியது. எல்லரின் மனைவியைத் தீர்க்கதரிசியாகக் கொண்டாடியது. 1745இல் ரோன்ஸ்டோர்ஃப் நகர உரிமையும் பெற்றது. ஒரே மனிதரின் வாக்கைக் கேள்வியின்றி ஏற்கும் சிறு கூட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு அடுத்த நூற்றாண்டுவரை அந்த ஊர் பேர்போன எடுத்துக்காட்டாக இருந்தது.

1817இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம், இந்தப் பள்ளத்தாக்கும் அடங்கிய தம் நாட்டின் லுத்தரன், சீர்திருத்தச் சபைகளை ஒன்றாக இணைத்தார். அடுத்து எல்லாருக்கும் பொதுவான வழிபாட்டு ஒழுங்கு ஒன்றையும் புகுத்தினார். கல்வினின் மரபில் ஊறிய எல்பர்ஃபெல்டின் சீர்திருத்தச் சபையாரில் பலருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ஹெர்மான் ஃபிரெட்ரிஹ் கோல்புரூகே என்ற போதகர் 1830களில் இங்கே வந்து பிரசங்கித்தபோது மக்கள் திரண்டார்கள். அதிகாரிகளோ அவருக்குப் பிரசங்க பீடத்தை மறுத்தார்கள். அரசுத் திருச்சபையிலிருந்து சட்டப்படி விலகும் வழியை 1847 மார்ச் 30இல் வெளியான அரசாணை திறந்துவிட்டது. அதே ஆண்டு கோல்புரூகேயைப் போதகராகக் கொண்டு எல்பர்ஃபெல்டில் நெதர்லாந்து சீர்திருத்தச் சபை அமைந்தது. அதன் தூண்களில் ஒருவர் வங்கியாளர் டானியல் ஃபொன் டெர் ஹைட்.

இந்தப் பக்தியின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபட்டுவிடும். 1820இல் பார்மெனில் ஆலை முதலாளி ஒருவரின் வீட்டில் பிறந்த ஃபிரெடெரிக் எங்கெல்ஸ், 1839இல் பெயர் வெளியிடாமல் எழுதிய ‘வுப்பர்டாலிலிருந்து கடிதங்கள்’ என்ற தொடரில் சாய நீரால் சிவந்து ஓடும் ஆற்றையும், குடியில் அழியும் தொழிலாளரையும், ஆலையில் குழந்தைகளை வேலை வாங்கிவிட்டு ஞாயிறன்று ஆலயத்தின் முன்வரிசையில் உட்காரும் முதலாளிகளையும் கடுமையாகச் சாடினார். அந்தச் சாடலில் உண்மை இருந்தது. ஊரே கிறிஸ்தவ ஊர், பந்தியில் ஊரே உட்காருகிறது. ஆனால் வாழ்க்கையில் விசுவாசம் எங்கே? எங்கெல்ஸ் இந்தக் கேள்வியோடு மதத்தை விட்டு வெளியேறினார். அதே கேள்வியோடு வேறு சிலர் சபை என்பதையே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள்.

1850இல் எல்பர்ஃபெல்டில் ‘சுவிசேஷ சகோதரர் சங்கம்’ தொடங்கப்பட்டது. போதகர் பட்டம் இல்லாதவர்களை ஊர் ஊராக அனுப்பி நற்செய்தி சொல்ல வைப்பது அதன் நோக்கம். பின்னாளில் வெவ்வேறு பாதையில் போன இருவர் அதில் தோளோடு தோள் நின்றார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர் கார்ல் புரோக்ஹவுஸ் (1822–1899), மற்றவர் வணிகர் ஹெர்மான் ஹைன்ரிஹ் கிராஃபே (1818–1869). இதற்கிடையே 1852இல் பார்மெனில் பாப்டிஸ்டு சபை அமைந்தது. அதைக் கட்டியவர் டென்மார்க்கின் ஓடென்ஸேயில் யூதக் குடும்பத்தில் பிறந்த யூலியஸ் கோப்னர். எல்லா மதத்தாருக்கும் சம உரிமை கேட்டு 1848இல் அறிக்கை வெளியிட்டவர் அவர். விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவருக்கே பந்தி என்பது பாப்டிஸ்டுகளின் உறுதியான நிலை.

புரோக்ஹவுஸும் அவரோடு சிலரும் 1852 டிசம்பரில் சங்கத்தை விட்டு விலகினார்கள். ஆங்கிலேயரான ஜான் நெல்சன் டார்பியின் போதனை அவர்களை ஈர்த்திருந்தது: திருச்சபை மனிதக் கையால் சீர்கெட்டுவிட்டது, புதிய நிறுவனம் அமைப்பது வீண், இயேசுவின் நாமத்தில் எளிமையாகக் கூடிவருவதே போதும். இந்தக் கூட்டங்களில் போதகரும் இல்லை, பீடமும் இல்லை. அறையின் நடுவில் ஒரு மேசை, அதன்மேல் முழு அப்பம் ஒன்றும் திராட்சரசக் கிண்ணமும் இருக்கும். சுற்றி அமர்ந்தவர்கள் அமைதியாகக் காத்திருப்பார்கள். ஒரு சகோதரர் பாட்டின் எண்ணைச் சொல்வார், எல்லாரும் பாடுவார்கள். இன்னொருவர் எழுந்து ஜெபிப்பார், வேறொருவர் ஒரு வேதபகுதியை வாசிப்பார். பிறகு ஒருவர் ஸ்தோத்திரம் செலுத்தி அப்பத்தைப் பிட்க, அது கைமாறிப் போகும். பெண்கள் பாடலில் சேர்வார்கள், ஆனால் கூட்டத்தில் பேசுவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர் தம் சபையின் சிபாரிசுக் கடிதத்தைக் காட்டினால்தான் பந்தியில் இடம். தமிழ்நாட்டுச் சகோதர சபைகளுக்குப் போய்வந்த எவருக்கும் இந்த ஒழுங்கு நன்கு அறிமுகமானது.

1853இல் புரோக்ஹவுஸ் தொடங்கிய பத்திரிகை சிதறிக் கிடந்த சிறு கூட்டங்களைக் கட்டி இணைத்தது. அதைவிட நீடித்தது அவர்களின் வேதாகமம். டார்பி எல்பர்ஃபெல்டில் தங்கி, புரோக்ஹவுஸ், யூலியஸ் அன்டோன் ஃபொன் போசெக் ஆகியோருடன் மூலமொழியை வரிக்கு வரி ஒட்டி மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1855இல் வந்தது; முழு வேதாகமம் 1871இல் முடிந்தது. மூலமொழி அறியாத நெசவாளரும் வசனத்தை நுணுகி ஆராய வேண்டும் என்ற விருப்பமே அதன் வேர். எல்பர்ஃபெல்டு வேதாகமம் என்ற பெயரில் இன்றும் ஜெர்மன் மொழியில் அது திருத்தப்பட்ட பதிப்புகளாக வாசிக்கப்படுகிறது. ஒரு சிறு சமூகத்தின் தேவைக்காகப் பிறந்த நூல் ஒரு மொழி பேசும் கிறிஸ்தவர் அனைவருக்கும் பொதுச்சொத்தானது வுப்பர்டாலின் பெருமைகளில் ஒன்று.

கிராஃபேயின் வழி வேறு. 1841இல் ஜவுளித் தொழிலின் நிமித்தம் பிரான்சின் லியோனுக்குப் போன அவர், அங்கே ஒரு சுதந்திரச் சபையைக் கண்டார். அந்தச் சபையின் தொடக்கமும் பந்திதான்: விசுவாசமோ மனந்திரும்புதலோ இல்லாமல் வருகிறவர்கள் எல்லாருக்கும் திருவிருந்து கொடுப்பதை எதிர்த்துப் பிரசங்கித்த அடோல்ஃப் மொனோ என்ற போதகர் 1832இல் பதவி நீக்கப்பட்டார், அவரோடு நின்றவர்கள் தனிச்சபையானார்கள். அரசின் சம்பளம் இல்லாமல், உறுப்பினரின் காணிக்கையில் மட்டும் நடந்து, ஏழைகளையும் நற்செய்திப் பணியையும் தாங்கிய அந்தச் சபை கிராஃபேயின் மனதில் பதிந்தது. எல்பர்ஃபெல்டுக்குத் திரும்பிய பிறகு, விசுவாசிக்கும் விசுவாசியாதவருக்கும் வேறுபாடு பாராத திருவிருந்தில் பங்கெடுக்க அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

பாப்டிஸ்டுகளோடு சேரலாமே என்றால், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற உண்மை விசுவாசிகளை அவர்கள் பந்தியில் ஏற்கவில்லை. புரோக்ஹவுஸின் கூட்டத்தில் சேரலாமே என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பரும் எழுதப்பட்ட ஒழுங்கும் அவர்களுக்கு ஆகாது. ஆகவே 1854 நவம்பர் 22இல் கிராஃபேயும் இன்னும் ஐவரும் எல்பர்ஃபெல்டு–பார்மென் சுதந்திர சுவிசேஷ சபையைத் தொடங்கினார்கள். ஜெனீவாவின் சுதந்திரச் சபையினுடைய விசுவாச அறிக்கையை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டார்கள். இறையியல் படித்த ஹைன்ரிஹ் நெவியாண்ட் அவர்களுடைய முதல் போதகரானார். உறுப்பினராகச் சேர விரும்புகிறவர் தம் சொந்த விசுவாசத்தை வாயால் அறிக்கையிட வேண்டும். ஞானஸ்நானத்தை எந்த வயதில், எந்த முறையில் பெற்றார் என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. விசுவாசமற்றவருக்கு மூடியும் விசுவாசிகள் எல்லாருக்கும் திறந்தும் இருக்கும் ஒரே பந்தி வேண்டும் என்பதே கிராஃபேயின் எண்ணம். நான்கு சபைகளின் முயற்சியிலும் இதுவே மிகுந்த பொறுமையும் பெருந்தன்மையும் கொண்டது என்று சொல்லலாம்.

பிரிந்து வந்தவர்களுக்குச் சபை வாழ்க்கை எளிதாக இல்லை. சபைக்குள் வருகிறவர் ஒவ்வொருவரையும் மற்றவர்கள் பெயரோடு அறிவார்கள். நோயில் போய்ப் பார்ப்பார்கள், வேலை இழந்தால் கைகொடுப்பார்கள். தவறினால் கண்டிப்பார்கள், திருந்தாதவரைப் பந்தியிலிருந்து விலக்குவார்கள். அன்பும் கண்காணிப்பும் ஒரே கையால் வந்தன. இதைத் தாங்க முடியாமல் போனவர்கள் உண்டு, இதனாலேயே குடியிலிருந்தும் வறுமையிலிருந்தும் மீண்டவர்களும் உண்டு.

வீடு தேடிப் போகும் இந்தப் பழக்கம் சபைச் சுவரைத் தாண்டியது. டானியல் ஃபொன் டெர் ஹைட் முன்நின்று 1853இல் எல்பர்ஃபெல்டில் அமைத்த ஏழைநல ஏற்பாட்டில் ஊர் பல சிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் சம்பளம் வாங்காத ஒரு குடிமகன் பொறுப்பு; அவர் நான்கு குடும்பங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது, நேரில் போய்ப் பார்த்தே உதவியை முடிவு செய்ய வேண்டும். ‘எல்பர்ஃபெல்டு முறை’ என்ற பெயரில் ஜெர்மனியின் பல நகரங்கள் அதை ஏற்றன.

தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே வேட்கை எழுந்தது. டார்பியோடு டப்ளினில் வீடுகளில் கூடி அப்பம் பிட்டவர்களில் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பிரஷ்ய மிஷனரியான இரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் அருளப்பன் (1810–1867) குரோவ்ஸோடு சேர்ந்து, பின்னர் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். மிஷன் சம்பளத்தை நம்பாமல், தமிழரே நடத்திய அந்தச் சமூகத்திலிருந்து 1860இல் பெரும் எழுப்புதல் பரவியது. வுப்பர்டாலின் கூட்டங்களுக்கும் கிறிஸ்தியான்பேட்டைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஊற்று ஒன்றே.

1934 மே 29 முதல் 31 வரை பார்மெனின் கெமார்க்கெ ஆலயத்தில் கூடிய சினோடு, ஹிட்லரின் அரசு திருச்சபையை வளைக்க முயன்றதை மறுத்துப் புகழ்பெற்ற பார்மென் அறிக்கையை வெளியிட்டது. கார்ல் பார்த் அதன் முதன்மை ஆசிரியர். திருச்சபை என்பது சகோதரரின் சமூகம் என்று அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. ஆனால் எண்பது ஆண்டுகளாக அதையே வாழ்ந்து காட்ட முயன்ற சுதந்திரச் சபைகள் பெரும்பாலும் அந்த எதிர்ப்பில் சேராமல் ஒதுங்கின. அரசியல் நமக்கு வேண்டாம் என்ற நெடுநாள் வழக்கம் அவர்களை மௌனமாக்கியது. இது அவர்கள் வரலாற்றின் கரும்புள்ளி. மௌனம் அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. 1937 ஏப்ரலில் புரோக்ஹவுஸ் மரபுக் கூட்டங்களுக்குத் தடை வந்தது. பெரும்பாலோர் அரசு ஏற்ற புதிய அமைப்பில் சேர்ந்து, 1941இல் பாப்டிஸ்டுகளோடு இணைந்தார்கள். மறுத்தவர்கள் மறைவாக வீடுகளில் அப்பம் பிட்டார்கள். போர் முடிந்த பிறகு பல சபைகள் அந்த இணைப்பிலிருந்து விலகித் தனியே நின்றன.

கிராஃபேயின் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1874இல் எல்பர்ஃபெல்டில் 22 சபைகள் கூடி ஓர் ஐக்கியம் அமைத்திருந்தன. அதன் போதகர் பயிற்சிப் பள்ளி 1912இல் ஃபோவிங்கலில் தொடங்கியது. ஆறு பேரோடு தொடங்கிய அந்தச் சபையின் வழியில் இன்று ஜெர்மனியில் ஏறத்தாழ 500 சபைகள் உள்ளன. அவற்றின் பந்தியில், எந்தச் சபையைச் சேர்ந்த விசுவாசியும் விருந்தினராக அமரலாம்.