கிணற்றடியில் எழுந்த வினா: தீவகமும் ஈழத்து நாவலின் சமய விசாரமும்

நாவலிற் சமய நம்பிக்கையும் ஐயமும் இடம்பெறுமாற்றை ஆராயப் புகுவோர் தொஸ்தோயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' (1880) போன்ற படைப்புக்களையே பெரிதும் அளவுகோலாகக் கொள்வர். அங்கு ஐயம் தனிமனித ஆன்மாவின் போராட்டமாக வெளிப்படுகின்றது. ஈழத்திலோ, இறைவன் உளனா என்பதினும் அவன் யாருக்கு உரியவன் என்பதே முதன்மை வினாவாயிற்று. அதற்கான காரணத்தைச் சமூக அடித்தளத்திலேயே தேடுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத் தீவகம் இதற்குத் தக்க சான்றாகும். ஊர்காவற்றுறையிற் கத்தோலிக்க தேவாலயங்களும், நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அமைந்துள்ள பகுதி இது. ஆயின், சுண்ணக்கற் பாறைமீதமைந்த இத்தீவுகளில் நன்னீர் அரிது. நல்ல கிணற்றை உடையவர் ஊரின் அதிகாரத்தையும் உடையவராயினர். அவ்வுடைமைக்குக் காவலாக நின்றது தீட்டு என்னும் சமயக் கருத்து. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இந்நிலை எளிதில் மாறவில்லை.

இம்முரண்பாட்டை யாழ்ப்பாணச் சமூகம் முழுவதற்குமாக நாவலாக்கியவர் கே. டானியல். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்ற அவர், 'பஞ்சமர்' (1972) நாவலில் ஒடுக்கப்பட்டோரின் போராட்டத்தைச் சித்திரித்தார். 'கானல்' (1986) விடுதலை நாடிக் கிறித்தவராகியோரின் கதையைக் கூறுவது. மதம் மாறியும் சாதி மாறாமையை அதன் தலைப்பே உணர்த்திவிடுகின்றது. இங்கு ஐயம் இறையியலிற் பிறப்பதன்று. ஏமாற்றப்பட்ட வாழ்வனுபவத்திற் பிறப்பது.

புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) எதிர்த்திசையிற் சென்றவர். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கு அணியைக் கடுமையாக விமர்சித்தார்; ஆன்மீக நோக்கில் வரலாற்றை விளக்க முனைந்தார். 'ஒரு தனி வீடு', 'கல்கி புராணம்' ஆகிய நாவல்களை எழுதிய அவரே, நாவல் முதலிய வடிவங்கள் போதா எனக் கருதி 'மெய்யுள்' என்னும் புதுவடிவத்தை முன்மொழிந்தார். ஐயத்துக்கு இடமளிக்கும் நாவல் வடிவத்தை முழுமையான நம்பிக்கை கடந்துசெல்ல விழைந்தது என இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

எனினும், 1971இல் தாழ்த்தப்பட்டோர் நன்னீர் அள்ளும் உரிமைக்காகப் புங்குடுதீவிற் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுப் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானவர் இதே தளையசிங்கம் என்பது மனங்கொளத்தக்கது. நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் காலமானார். பொருள்முதல்வாதியான டானியலும் ஆன்மீகவாதியான தளையசிங்கமும் தத்துவத்தில் ஒன்றுபடவில்லை. ஆயினும் இருவரையும் ஒரே சமூக அநீதி போராட்டத்துக்கு அழைத்தது.

சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாக மட்டுமன்றி, அத்துன்பத்துக்கு எதிரான குரலாகவும் மார்க்ஸ் 1844இல் எழுதிய கட்டுரையிற் கண்டார். இவ்விரு கூறுகளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் திறனாய்வு தளையசிங்கத்தை வெறும் மறைஞானியாகக் கண்டு ஒதுக்கிவிடும். அவருடைய வரலாற்று விளக்கத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை; அவ்விளக்கம் வர்க்க முரண்பாட்டின் இடத்தில் மனவளர்ச்சியை வைக்கின்றது. ஆனால் ஒரு நம்பிக்கையின் சமூகப் பெறுமானத்தை அது எந்தத் தரப்பில் நின்றது என்பதைக் கொண்டே அளவிடல் வேண்டும். கிணற்றைப் பூட்டிய நம்பிக்கையையும் அதைத் திறக்கச் சென்ற நம்பிக்கையையும் ஒன்றெனக் கொள்வது இயங்கியல் நோக்காகாது.