கொட்டகைக்கு என்ன தரை?

மதுரையைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்குறாங்க. கோபுரம், மகால் தூண், மண்டபத்து ஓவியம். குனிஞ்சு தரையைப் பார்த்தவங்க ரொம்பக் குறைவு. அதுலயும் மோட்டார் ரூம், மாட்டுக்கொட்டகை, சாமான் கொட்டகைக்கெல்லாம் தரை என்னவா இருந்துச்சுன்னு யாரு கேட்கப் போறா?

எனக்குக் கேட்க வேண்டி வந்துச்சு மக்களே. திருமங்கலம் பக்கம் சொந்தக்காரர் ஒருத்தர் தோட்டத்துல கொட்டகை போடுறார். உர மூட்டை, தெளிப்பான், மண்வெட்டி வைக்க. தரைக்கு என்ன போடலாம்னு வீட்டுல மூணு கட்சி. பெருசுங்க சாணி மெழுகுனா போதும்ங்கிறாங்க. அடுத்த செட்டு சிமெண்டு. பசங்க வினைல் ஷீட்டு. யோசிச்சுப் பார்த்தா இது மூணும் மூணு காலத்தோட கட்சி.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கி.மீ. தூரத்துல இருக்குற கீழடியில 2014-15ல மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சுது. செங்கல் சுவர், உறைகிணறு, கூரை ஓடு எல்லாம் கிடைச்சது. மழைத்தண்ணி வடியறதுக்காக விரலால கோடு இழுத்த ஓடு. ஆக, மேல இருந்து விழுற தண்ணிக்கு நம்ம ஆட்கள் அப்பவே வழி கண்டுட்டாங்க. கீழ இருந்து ஏறுற ஈரம்தான் இன்னைக்கு வரைக்கும் தொல்லை.

மண் தரையை லேசா நினைச்சுடாதீங்க. மண்ணைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்கணும். காஞ்ச பிறகு சாணியைக் கரைச்சு மெழுகணும். நெல்லடிக்கிற களத்துக்கும் இதே வைத்தியம்தான். சாணி கிருமியைக் கொல்லும்னு வாட்ஸப்புல வர்றதை நான் நம்புறதில்லை. ஆனா புழுதி அடங்கும், சின்ன வெடிப்பு மூடும், அது நிஜம். திருமங்கலத்துக் கரிசலுக்கு இது முக்கியம். மழையில அந்த மண்ணு உப்பும், கோடையில சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். மேல இருக்குற தரையும் கூடவே வெடிக்கும். மண் தரைன்னா மறுபடி மெழுகிக்கலாம். ஆனா மெழுகுனது யாரு? வாராவாரம் குனிஞ்சு நிமிர்ந்த பொம்பளைங்க. பழைய காலத்துத் தரையைப் புகழ்ற ஆம்பளைங்க (நானும்தான்) இதை வசதியா மறந்துடுறோம்.

காசுள்ளவங்க வீட்டுல சுண்ணாம்போட செங்கல் தூளைக் கலந்து போட்டாங்க. சுர்க்கின்னு பேரு. மேலூர்ப் பக்கத்து வயலுக்குத் தண்ணி தர்ற முல்லைப் பெரியாறு அணை, 1895ல திறந்தது, அதுவும் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவைதான். அவ்வளவு தண்ணியைத் தாங்குற சரக்கு தரைக்கு ஆகாதா? ஆகும். ஆனா மெதுவா இறுகும், நாள் கணக்கா அடிச்சுத் தேய்க்கணும். கூலி கட்டாது. சாமான் கொட்டகைக்கு யாரும் அதைச் செஞ்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் சிமெண்டு. மதுக்கரை ஆலை 1934ல, தலையூத்து ஆலை 1949ல. பக்கத்துலயே மூட்டை கிடைக்க ஆரம்பிச்சதும் ரெட் ஆக்சைடு கலந்த சிகப்புத் தரை வீட்டுக்குள்ள வந்துச்சு, கொட்டகைக்கு வெறும் சாம்பல் தளம். மெழுகுற வேலை மிச்சம். ஆனா பார்க்கக் கல்லு மாதிரி இருந்தாலும் சிமெண்டுத் தளம் ஈரத்தை உறிஞ்சி மேல ஏத்தும். அதுமேல யூரியா மூட்டையை அப்படியே போட்டா அடி மூட்டை கட்டி தட்டிடும். நெல்லு மூட்டைன்னா பூசணம். 1956ல கிடங்குச் சட்டம் வந்து, அதுக்கப்புறம் வந்த அரசுக் கிடங்குகள்ல மூட்டையை வெறும் தரையில வைக்கிறதில்லை. மரச்சட்டம், இல்லேன்னா பாய் போட்டு மேல பாலிதீன். கல்லு மேல குதிரைத் தூக்கி வச்ச கிராமத்து ஆளுக்கு இது புதுசா என்ன?

வினைல் விஷயம் இன்னும் மோசம். ஷீட்டு மேல காஞ்சிருக்கும், அடியில வேர்த்துக் கிடக்கும். கரையானுக்கு இருட்டும் ஈரமும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. பாலிதீன் தளத்துக்கு அடியில போகணும், மேல இல்லை.

கரிசல்ல கொட்டகைன்னா என் ஓட்டு கடப்பா கல்லுக்கு. மேல் கரிசலை வெட்டி எடுத்துட்டு கிராவல் அடிச்சு, பாலிதீன் விரிச்சு, அதுமேல மணல் பரப்பி, கல்லைச் சும்மா அடுக்கணும். சிமெண்டு வச்சு ஒட்டக் கூடாது. மண்ணு உப்பினா ஒரு கல்லைத் தூக்கி மணலைச் சரி பண்ணி மறுபடி வச்சுக்கலாம். மெழுகுன தரைக்கு இருந்த அதே குணம், முட்டி வலி இல்லாம. செம்மண் பூமின்னா இவ்வளவு வேண்டாம், சிமெண்டே போதும்.

இன்னொண்ணு, கரையான் மருந்து. ஒரு காலத்துல தரைக்கடியில ஆல்ட்ரின் ஊத்துறது சர்வசாதாரணம். மண்ணுல வருஷக்கணக்கா அழியாம கிடக்கும், உடம்புக் கொழுப்புல சேரும். 1996ல இந்தியாவுல தடை பண்ணிட்டாங்க, 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியல்லயும் அது இருக்கு. பழைய கொட்டகையை இடிச்சுட்டு அதே இடத்துல புதுசு போடுறவங்க, தோண்டின அந்த மண்ணைக் கீரைப்பாத்தியில மட்டும் கொட்டிடாதீங்க.